ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரே மாயக்கதை: ‘தி டார்க் இஸ் ரைசிங்’ மறுவாசிப்பு

பனிமூட்டம்:

நண்பர்களுக்கு வணக்கம். டிசம்பர் 20 நெருங்கிக்கொண்டிருக்கிறது. சிறுவயதில் படித்த மாயக்கதை ஒன்றை ஒவ்வொரு குளிர்காலத்திலும் மீண்டும் எடுத்துப் படிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன். என்னைப் பொறுத்தவரை அந்தக் கதை, சூசன் கூப்பர் எழுதி 1973-இல் வெளிவந்த ‘தி டார்க் இஸ் ரைசிங்’. ஐந்து நாவல்கள் கொண்ட வரிசையில் இது இரண்டாவது. இதுவரை படிக்காதவர்கள் கவனிக்கவும்: கதையின் முக்கியமான திருப்பத்தை மறைக்காமல் பேசப்போகிறேன். அதைத் தொடாமல் மறுவாசிப்பைப் பற்றிப் பேச வழியில்லை.

கதை நடப்பது இங்கிலாந்தில், தேம்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கிராமத்தில். டிசம்பர் 20 மாலையில் தொடங்குகிறது. மறுநாள் வில் ஸ்டான்டனுக்குப் பதினொரு வயது நிறைகிறது. ஏழாவது மகனுக்கு ஏழாவது மகனாகப் பிறந்த அவன், காலத்தைக் கடந்து வாழும் ஒளியின் காவலர்களான மூத்தோரில் கடைசியாகப் பிறந்தவன் என்பதும், இரும்பு, வெண்கலம், மரம், கல், நெருப்பு, நீர் ஆகிய ஆறு சின்னங்களைத் தேடிச் சேர்க்கவேண்டியவன் என்பதும் அவனுக்குத் தெரியவருகின்றன. கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பன்னிரண்டாம் இரவோடு கதை முடிகிறது. கதையில் எந்த நாளோ அந்த நாளிலேயே அந்தப் பகுதியைப் படிக்கும் வழக்கம் தனித்தனி வாசகர்களிடம் வெகுகாலமாக இருந்திருக்கிறது. 2017-இல் எழுத்தாளர் ராபர்ட் மெக்ஃபார்லேனும் கவிஞர் ஜூலியா பேர்டும் ட்விட்டரில் அழைப்பு விடுத்தபோது, அதே நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து படித்தார்கள்.

நான் கேட்க விரும்புவது இதுதான். முடிவு தெரிந்த, அதுவும் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கதை, வளர்ந்தவர்களை ஆண்டுதோறும் எப்படித் தாங்குகிறது? இளமைப்பருவத்தை மீட்டுக்கொள்ளவே திரும்பிப் போகிறோம் என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். வில்லும் அவன் அண்ணன் ஜேம்ஸும் முயல்களுக்கு வைக்கோல் வாங்கப் பக்கத்துப் பண்ணைக்குப் போகிறார்கள். வழியில், கந்தல் உடுத்திய நாடோடிக் கிழவன் ஒருவன்மீது, காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகள் கூட்டமாகப் பாய்கின்றன. அவன் முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டு தடுமாறி ஓடுகிறான். முதல்முறை படிக்கும் சிறுவனுக்கு இது ஒரு நல்ல பயங்கரக் காட்சி, அவ்வளவுதான். இரண்டாம் முறை படிக்கும்போது அந்தக் கிழவன் யார் என்பது நமக்குத் தெரியும். அவன் பெயர் ஹாக்கின். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிறந்தவன். மூத்தோரில் முதல்வரான மெரிமன் தன் மகனைப்போல் வளர்த்தவன். ஒளியின் தரப்புக்குத் துரோகம் செய்ததால், வில் பிறந்து வரும்வரை ஒரு சின்னத்தைச் சுமந்தபடி நூற்றாண்டுகள் நடந்துகொண்டே இருக்கும்படி தண்டிக்கப்பட்டவன். அத்தனையும் தெரிந்தபின் அந்தப் பத்தியைப் பழையபடி படிக்க முடிவதில்லை. மேலும் சில குளிர்காலங்கள் கழிந்தால், அவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்ற கேள்வி எழுகிறது. அதற்கான பதில், ஒளியை எதிர்க்கும் இருளின் பக்கம் மட்டும் இல்லை என்பதும் தெரிகிறது. பனிக்காகவும் மாயத்துக்காகவும் இந்த நாவலைத் திரும்ப எடுத்த காலம் எனக்குப் போய்விட்டது. இப்போது ஹாக்கினுக்காகவே எடுக்கிறேன்.

உங்கள் அனுபவம் என்ன?

எதிர்வாதி:

பனிமூட்டம் அவர்களே, நீங்கள் அழகாக எழுதியிருப்பதாலேயே மறுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் ஒரே நூலைப் படிப்பது அந்த நூலுக்கு நன்மை செய்வதில்லை என்பது என் கருத்து. பலமுறை படித்தபின் நாம் சொற்களைப் படிப்பதை நிறுத்திவிட்டு, நம் நினைவில் இருப்பதையே பக்கத்தின்மேல் படரவிட்டுக்கொள்கிறோம். போதிய இடைவெளி விட்டுப் படித்தால்தான் நூல் நம்மை எதிர்த்துப் பேசும். அதனால் நான் ஐந்தாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் எந்தப் புனைவையும் மீண்டும் தொடுவதில்லை.

இந்த நாவலைப் பற்றித் தனியாகவும் ஒன்று சொல்லவேண்டும். வில் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. சின்னங்கள் அவன் கைக்குத் தாமாகவே வந்து சேர்கின்றன. பண்ணைக்காரர் ஒன்றைக் கொடுக்கிறார், கிழவன் ஒன்றைக் கொடுக்கிறான், மாளிகைச் சுவரில் ஒன்று காத்திருக்கிறது, தேவாலயச் சுவரில் இன்னொன்று. அவன் அறியவேண்டிய கலைகள் எல்லாம் ஒரே நூலை ஒருமுறை படித்ததும் வந்துவிடுகின்றன. ஆபத்து முற்றும்போது மூத்தோரில் ஒருவர் வந்து நிற்கிறார். இளம் வாசகன் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவன் வில்லாக மாறிப் பனியில் நடந்துகொண்டிருக்கிறான். வளர்ந்த வாசகன் கவனித்தாகவேண்டும். கவனித்தும் பொருட்படுத்தாமல் விடுகிறான் என்றால், அவன் நேசிப்பது நாவலையா, அதைப் படித்த வயதையா?

கதைசொல்லும் அம்மா:

இருவருக்கும் வணக்கம். சென்ற குளிர்காலத்தில் என் மகளுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். தனியாகப் படிக்கும்போது நான் தாண்டிப்போன இடங்களில் எல்லாம் அவள் என்னை நிறுத்தினாள். முதல் அத்தியாயத்தில் வில் நெருங்கும்போது அவன் வளர்க்கும் முயல்கள் மிரண்டு ஒதுங்குகின்றன. அவன் அருகில் போகும்போதெல்லாம் வானொலி கரகரக்கிறது. “அவனுக்கே தெரியாதது முயலுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?” என்று கேட்டாள். நான் எத்தனையோ முறை படித்த வரிதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான், வீட்டுக்குள் எல்லாரும் பிறந்தநாள் பேச்சில் இருக்கும்போதே அந்தப் பையன் தன் வீட்டாரிடமிருந்து பிரியத் தொடங்கிவிட்டான் என்பது எனக்கு உறைத்தது. மறுநாள் காலையில் அவன் எழுந்து, உறங்கிக்கொண்டிருக்கும் தன் குடும்பத்தாரை எழுப்ப முயல்கிறான்; ஒருவரும் எழவில்லை. அவன் தனியாகப் பனிக்காட்டுக்குள் இறங்கிப் போகிறான். சிறுமியாக இருந்தபோது இது எனக்குக் கிளர்ச்சியூட்டிய இடம். இப்போது அந்த உறங்கும் வீட்டில்தான் என் மனம் தங்கிவிடுகிறது. பதினொரு வயதுப் பிள்ளை இப்படி வெளியே போய்க்கொண்டிருப்பது அந்தத் தாய்க்கு இறுதிவரை தெரியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த வீட்டில் வில் ஆறாவது மகன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவன் ஏழாவது என்பதற்குக் காரணம், குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோன மூத்தவன் டாம். மாயக்கதைகளில் ஏழாவது மகன் என்பது வெறும் மந்திரக் கணக்காக வந்துபோகும். இங்கே அந்தக் கணக்குச் சரியாக வருவதற்கு ஒரு குழந்தையின் இறப்பு தேவைப்படுகிறது. கூப்பர் அதை அழுத்திச் சொல்வதில்லை, சில வரிகளில் கடந்துவிடுகிறார். பிள்ளை பெற்றபின் அந்த வரிகளை அப்படிக் கடக்க என்னால் முடியவில்லை.

எதிர்வாதி ஐயா, வயதைத்தான் நேசிக்கிறோம் என்றால், அந்த வயதில் கண்ணில் படாதவை இப்போது ஏன் நம்மை நிறுத்துகின்றன?

இரண்டாம்வாசிப்பு:

நல்ல விவாதம். வில் ஒன்றும் செய்வதில்லை என்ற குற்றச்சாட்டு பழையது, பெருமளவு உண்மையும்கூட. ஆனால் அதுவே இந்த நூல் ஆண்டுதோறும் படிக்கத் தக்கதாக இருப்பதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி எழுதப்பட்ட கதைக்கு முதல் வாசிப்பில் பலம் அதிகம், மூன்றாவதில் குறைவு. இந்த நாவல் அந்த ஆவலைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறது. ஆறு சின்னங்கள் எவை, எந்த முறையில் கிடைக்கும், இறுதியில் என்ன ஆகும் என்பதை ஒரு பாட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதன்பின் நடப்பவை எல்லாம் சடங்கின் வரிசையில் நடக்கின்றன: பாட வேண்டிய இரவில் பாடுகிறார்கள், திறக்க வேண்டிய நேரத்தில் கதவு திறக்கிறது, வில் அந்தந்த இடத்தில் இருந்தால் போதும். திருவிழா நாடகத்தில் அரக்கன் வீழ்வான் என்பது எல்லாருக்கும் தெரியும்; அதற்காக யாரும் எழுந்து போவதில்லை. அந்த வகையைச் சேர்ந்தது இந்த நூல். அது நாட்காட்டியோடு கட்டப்பட்டிருப்பதும் தற்செயல் அல்ல.

சி.எஸ். லூயிஸ் 1947-இல் வெளிவந்த ‘ஆன் ஸ்டோரீஸ்’ கட்டுரையில் இதை நன்றாக விளக்கியிருக்கிறார். கதையில் வரும் வியப்பு வேறு, வியக்கவைக்கும் தன்மை வேறு. முன்னது ஒருமுறை தீர்ந்துவிடும்; பின்னது தெரிந்தபின்தான் முழுமையாகச் சுவைக்கும். அதனால்தான் குழந்தைகள் அதே கதையை அதே சொற்களில் மீண்டும் கேட்கிறார்கள் என்கிறார். இதற்கு ஓரளவு ஒத்துப்போகும் ஆய்வு ஒன்றும் உண்டு. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே அறிந்து சிறுகதைகளைப் படித்தவர்கள் அவற்றைச் சற்று அதிகமாகவே ரசித்ததாகத் தெரிந்தது. நாவலுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும், தெரியாமை ஒன்றே வாசிப்பின் இன்பம் என்ற எண்ணத்தை அது அசைத்துப்பார்க்கிறது.

எழுதப்பட்ட விதத்தையும் பாருங்கள். கூப்பர் பக்கிங்ஹாம்ஷயரில் 1935-இல் பிறந்தவர். அவருடைய நான்கு வயதில் தொடங்கிய உலகப்போர் பத்து வயதில்தான் முடிந்தது. 1963-இல் திருமணமாகி அமெரிக்காவுக்குப் போனார். ஊர்நினைவு விடாமல் வாட்டியதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மாசசூசெட்ஸில் ஒருநாள் பனியில் சறுக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, பனிக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த கிளைகள் மான்கொம்புகளைப்போலத் தோன்ற, பிறந்தநாள் காலையில் விழித்துத் தனக்கு மாயசக்தி இருப்பதை அறியும் சிறுவன் என்ற கரு அவருக்குப் பிறந்தது. பிறகு, 1965-இல் தாம் எழுதியிருந்த ‘ஓவர் ஸீ, அண்டர் ஸ்டோன்’ நாவலோடு இதற்கு உறவு இருப்பதை உணர்ந்து, மேலும் நான்கு நாவல்களுக்குத் திட்டம் போட்டு, கடைசி நாவலின் கடைசிப் பக்கத்தையும் அப்போதே எழுதிவைத்துவிட்டார். நாம் படிக்கும் அந்தக் குளிர்காலம் அவருக்கே அப்போது நினைவிலிருந்து மீட்டதுதான். முடிவும் கையில் இருந்தது. முடிவு தெரிந்தவர் எழுதியதை முடிவு தெரிந்த நாம் படிக்கிறோம். இதில் இழப்பு எங்கே இருக்கிறது?

தென்திசை:

நான் தென் அரைக்கோளத்தில் வசிக்கிறேன். உங்கள் நாட்காட்டிக் கொள்கை என்னைப் போன்றவர்களை எங்கே நிறுத்துகிறது என்று பாருங்கள். டிசம்பர் 21 எங்களுக்கு ஆண்டிலேயே மிக நீளமான பகல். வில்லின் கூரைச் சாளரம் உடைந்து மாடியறைக்குள் பனி கொட்டும் பக்கத்தை, இரவு வெகுநேரம்வரை வெளிச்சம் தங்கும் நாளில், மின்விசிறி சுழலச் சுழலப் படித்துப்பார்த்தேன். தேதி அச்சாகப் பொருந்தியது, கதை பொருந்தவே இல்லை. இப்போது ஜூன் 21-இல் தொடங்குகிறேன். கிறிஸ்துமஸ் பாடல்கள் வரும் இடம் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் நாவலின் உண்மையான காலம் கிறிஸ்துமஸ் அல்ல, ஆண்டின் மிக நீண்ட இரவு என்பது அப்போதுதான் விளங்கியது. கூப்பரும் தொடக்க அத்தியாயங்களுக்கு அந்த நீண்ட இரவின் பெயரையே வைத்திருக்கிறார். இருட்டும் குளிரும் கதைக்குள் பகைவனின் ஆயுதங்கள். நம் சன்னலுக்கு வெளியேயும் அவை இருந்தால்தான், மூன்றாம் பகுதியில் மாளிகைக்குள் ஊர்மக்கள் எல்லாரும் அடைக்கலம் புகுந்து நெருப்பைச் சுற்றி ஒடுங்கும்போது நமக்கும் சேர்த்து நடுக்கம் வருகிறது.

எனவே என் வாக்கு தேதிக்கு அல்ல, பருவத்துக்கு.

ஒலிநூல்:

வாய்விட்டுப் படிப்பதைப் பற்றி அம்மா எழுதியதால் ஒரு தகவலைச் சேர்க்கிறேன். 2022-இல் பிபிசி உலகசேவை இந்த நாவலைப் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட ஒலிநாடகமாக, டிசம்பர் 20 தொடங்கி ஒலிபரப்பியது. ராபர்ட் மெக்ஃபார்லேனும் நாடக இயக்குநர் சைமன் மெக்பர்னியும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். இரு காதிலும் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கும்படி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ரூக் பறவைகள் பின்னந்தலைக்கு அருகே இறங்குவதுபோல் இருக்கும். இரவில் தனியாகக் கேட்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

2007-இல் வந்த திரைப்படத்தைப் பற்றி யாரும் பேசாததில் நியாயம் இருக்கிறது. வில்லை அமெரிக்கச் சிறுவனாக்கி, வயதையும் பதினான்காக உயர்த்தி, அடிதடியைச் சேர்த்தார்கள். வில் ஒன்றும் செய்வதில்லை என்ற எதிர்வாதி ஐயாவின் குறையை அந்தத் திரைப்படம் ஒழுங்காகத் தீர்த்துவைத்தது. விளைவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பனிமூட்டம்:

கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன்.

தென்திசை நண்பரே, பருவமே முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தேதி தரும் ஒன்றைப் பருவம் தருவதில்லை. தேதிப்படி படிக்கும்போது ஒரே மூச்சில் முடித்துவிட முடியாது. கிறிஸ்துமஸ் நாளுக்குப் பிறகு கதையில் குளிர் நாள்கணக்கில் இறுகிக்கொண்டே போகிறது. நாமும் அத்தனை நாள் காத்திருக்கவேண்டியிருக்கிறது. சிறுவயதில் நான் போர்வைக்குள் ஒரே இரவில் விழுங்கிய நூல் இது. அந்த வேகத்தில் ஹாக்கின் எனக்குப் படவே இல்லை. மெதுவாகப் படிப்பதற்கு ஒரு கட்டாயம் தேவைப்பட்டது. நாட்காட்டி அதைக் கொடுத்தது.

எதிர்வாதி அவர்கள் சொன்ன தேய்மானத்தை நான் மறுக்கவில்லை. எனக்கும் சில இடங்கள் தேய்ந்துவிட்டன. கடைசிச் சின்னத்துக்கான கப்பல் காட்சியில் இப்போது என் கண் வேகமாக ஓடிவிடுகிறது. ஹெர்ன் என்னும் வேட்டைக்காரன் கிளம்பும் காட்சி, சிறுவனாக மயிர்க்கூச்செறியப் படித்தது, இன்று ஓசைநயத்துக்காக மட்டும் பிடிக்கிறது. ஆனால் தேய்ந்த இடங்கள் எல்லாம் பெரிய காட்சிகள். ஓரத்தில் கிடந்த சிறிய இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு கனம் கூடிக்கொண்டே வருகின்றன.

எதிர்வாதி:

ஒலிநூல் நண்பரின் குத்தலை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம்வாசிப்பு அவர்கள் சொன்ன சடங்குக் கருத்தும் எனக்கு ஏற்புடையதே. வில்லின் செயலின்மையை அப்படிப் பார்த்தால் குறை பாதி தீர்கிறது. மீதிப் பாதி இருக்கிறது: ஒளி, இருள் என்ற இந்தப் பிரிவு. தீமை எப்போதும் வெளியிலிருந்து, இருளின் தலைவனாகக் கறுப்புக் குதிரையில் வருகிறது. வாழ்க்கையில் பாதி கடந்தவனுக்கு இது போதுமா?

என் குளிர்கால நூல் வேறு: தூவே யான்சன் 1957-இல் எழுதிய, மூமின் என்னும் கற்பனை உயிரினங்களின் கதைகளில் குளிர்காலத்தைப் பற்றியது. குளிர்காலம் முழுவதும் உறங்கும் குடும்பத்தில் மூமின்ட்ரால் மட்டும் நடுவில் விழித்துக்கொள்கிறான். அங்கேயும் வீட்டார் எழுவதில்லை, அங்கேயும் பனி. ஆனால் வெல்லவேண்டிய பகைவன் யாரும் இல்லை. குளிரின் சீமாட்டி ஊரைக் கடந்து போகிறாள். அவள் முகத்தைப் பார்த்த ஒரு சின்ன அணில் விறைத்துப்போகிறது. அவளுக்கு யார்மீதும் பகை கிடையாது. இது எனக்கு அதிக உண்மையாகப் படுகிறது. அதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் படிக்கிறேன் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாம்வாசிப்பு:

யான்சனின் நூல் எனக்கும் பிடித்தது. அந்த ஒப்பீடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒளி-இருள் பிரிவைக் கூப்பர் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார் என்பதை ஏற்கமாட்டேன். வரிசையின் நான்காவது நாவலான ‘தி கிரே கிங்’ 1975-இல் வந்து, 1976-இல் சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் பெற்றது. அதில் ஜான் ரோலண்ட்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு ஆட்டிடையர் வில்லிடமே இதைச் சொல்கிறார்: ஒளியின் நடுவே குளிர்ந்த வெண்ணெருப்பு ஒன்று இருக்கிறது, பெரிய நன்மைக்காகத் தனி மனிதன்மீதான இரக்கத்தை அது ஒதுக்கிவைத்துவிடும். வில்லால் அதை மறுக்க முடிவதில்லை. அந்த நாவலைப் படித்துவிட்டு இரண்டாவதற்குத் திரும்பினால், ஹாக்கினின் கதை ரோலண்ட்ஸ் சொன்னதற்கான சான்றாகவே நிற்கிறது.

அந்த மாளிகைக் காட்சியை நினைத்துப்பாருங்கள். மந்திரநூல் ஒரு கடிகாரத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுக்கும்போது பகைவர் குறுக்கிட முடியாதபடி, சாதாரண மனிதன் ஒருவனின் உயிர் அதற்குப் பிணையாக வைக்கப்பட்டிருக்கிறது. பச்சைக் கோட்டு அணிந்த ஹாக்கின் பக்கத்தில் நிற்க, மெரிமன் அவன் தோளில் கைவைத்துக்கொண்டு நூலை எடுக்கிறார். கை சற்றுத் தவறினால் ஹாக்கின் இறந்துவிடுவான். ஒன்றும் தவறவில்லை. வேலை நல்லபடியாக முடிந்தபின்தான், தான் தந்தையாக நினைத்தவர் ஒரு நூலுக்காகத் தன்னைப் பணயம் வைக்கத் துணிந்தார் என்பது அவனுக்கு முழுதாக உறைக்கிறது. இருளின் ஆட்கள் அந்த விரிசலுக்குள் நுழைகிறார்கள், அவ்வளவுதான். இங்கே தீமை கறுப்புக் குதிரையில் வரவில்லை, ஐயா. நல்லவர் ஒருவரின் கை தோளில் பட்ட இடத்திலிருந்து வந்தது.

கதைசொல்லும் அம்மா:

என் மகள் கேட்டது இதைத்தான். “முன்னாடியே அவனிடம் தெளிவாகச் சொல்லியிருக்கலாமே?” அவன் ஒப்புக்கொண்டுதான் வந்தான் என்றேன். ஒப்புக்கொண்டபோது அது என்ன என்று அவனுக்குப் புரிந்திருந்ததா என்று திருப்பிக் கேட்டாள். மனிதனால் தாங்க முடிந்ததைவிட அதிகமாக ஹாக்கினிடம் எதிர்பார்த்துவிட்டதாக மெரிமன் பின்னர் வில்லிடம் சொல்லும் இடத்தைப் படித்துக் காட்டினேன். “அதை வில்லிடம் ஏன் சொல்கிறார்? ஹாக்கினிடம்தானே சொல்லவேண்டும்” என்றாள். அதோடு அன்றைய வாசிப்பை நிறுத்தவேண்டியதாகிவிட்டது.

பனிமூட்டம்:

உங்கள் மகளின் கேள்வி, நான் பல குளிர்காலங்களாகச் சுற்றிச்சுற்றி வந்த இடத்துக்கு நேராகப் போய்விட்டது. இறுதியில் இருளின் தலைவன் தனக்குப் பயன்படாத ஹாக்கினை வானிலிருந்து கீழே விட்டுவிடுகிறான். முதுகெலும்பு முறிந்து கிடக்கும் அவனிடம் மெரிமன் வருகிறார். அவனுக்கு இனி நடக்கவேண்டியதில்லை, இறக்கலாம் என்ற விடுதலை கிடைக்கிறது. இருவருக்கும் இடையில் பழைய அன்பு திரும்புவதுபோல் சில வரிகள் வருகின்றன. இளவயதில் இதை மன்னிப்பு என்று படித்தேன். மெரிமன் அவனை மன்னிக்கிறார், அவன் நிம்மதியாக இறக்கிறான். இப்போது யார் யாரை மன்னிக்கவேண்டும் என்பதே எனக்கு உறுதியாக இல்லை. இரண்டு தரப்பும் ஒருவனைப் பயன்படுத்தின. ஒன்று அவனைக் கீழே எறிந்தது, மற்றது அவனுக்காக வருந்தியது. அந்த வேறுபாடு போதுமானது என்று சில ஆண்டுகளில் தோன்றுகிறது, சில ஆண்டுகளில் தோன்றுவதில்லை. வேலையில் எனக்குக் கீழே ஆட்கள் வந்தபிறகு படித்த முறைதான் மிகவும் கடினமாக இருந்தது.

அதனால்தான் ஐந்தாண்டு இடைவெளி எனக்குச் சரிப்படாது, எதிர்வாதி அவர்களே. இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் அதைவிடச் சீக்கிரம் மாறிவிடுகிறது.

முதல்முறை:

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையை முழுவதும் படித்தேன். சிறுவயதில் இந்த நூல் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது நடுவயதில் முதல்முறையாகப் படித்தால், நீங்கள் சொல்வது எதுவும் எனக்கு வாய்க்குமா? அல்லது சிறுவனாகப் படித்தவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவா இது? முதல் நாவலிலிருந்து தொடங்கவேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். முடிவைத் தெரிந்துகொண்டுவிட்டேன், அது பற்றிக் கவலையில்லை.

இரண்டாம்வாசிப்பு:

இரண்டாவதிலிருந்தே தொடங்குங்கள். முதல் நாவல் கோடை விடுமுறையில் மூன்று பிள்ளைகள் புதையல் தேடும் கதை; எட்டாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது; தொனியே வேறு. ‘தி டார்க் இஸ் ரைசிங்’கைப் புரிந்துகொள்ள அது தேவையில்லை. மூன்றாவதான ‘கிரீன்விட்ச்’ (1974) படிக்கும்முன் அதைப் படித்தால் போதும், ஏனெனில் அங்கேதான் அந்தப் பிள்ளைகளும் வில்லும் சந்திக்கிறார்கள். 1977-இல் வந்த ஐந்தாவதைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு; அதற்குத் தனி இழை வேண்டும்.

சிறுவயதில் படிக்காதவருக்கு ஒன்று நிச்சயமாகக் கிடைக்காது: மறுவாசிப்பில் பழைய வாசகனோடு நேரும் உரசல். ஆனால் நாவலில் வில்லும் கிறிஸ்துமஸ் இரவில் ஒரே சமயத்தில் பதினொரு வயதுப் பையனாகவும் வயதற்றவனாகவும் இருக்கிறான். அந்த நிலையை வளர்ந்தவராகவே முதல்முறை படிப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. நாங்கள் பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் தள்ளித்தான் ஹாக்கினைக் கண்டோம். நீங்கள் முதல் பக்கங்களிலேயே காண்பீர்கள்.

பனிமூட்டம்:

தேதிப்படி படிக்க விரும்புகிறவர்களுக்காக என் முறையைத் தருகிறேன். நாவலில் மூன்று பகுதிகள், பதின்மூன்று அத்தியாயங்கள். 20 மாலை இருட்டியபின் முதல் அத்தியாயம் மட்டும். ஆசை எழுந்தாலும் அங்கே நிறுத்திவிடுங்கள். 21 தொடங்கி 23 வரை முதல் பகுதியின் மற்ற மூன்று அத்தியாயங்களையும் முடித்துக்கொள்ளுங்கள். 24 தான் கனமான நாள். பாடகர் குழு மாளிகைக்குப் போவது, மந்திரநூல், துரோகம் என்று மூன்று அத்தியாயங்களும் அந்த ஓர் இரவில் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படித்தால் ஹாக்கின் மாறும் வேகம் தெரியாது. 25 அன்று தேவாலய அத்தியாயம். மீதி ஐந்தையும் ஜனவரி 5 வரை உங்கள் வசதிப்படி பரப்பிக்கொள்ளலாம். தென்திசை நண்பர் எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்வார்.

எதிர்வாதி:

என் ஐந்தாண்டுக் கணக்குப்படி எனக்கு இந்த ஆண்டு முறை இல்லை. ஆனாலும் 24 இரவுக்கான மூன்று அத்தியாயங்களை மட்டும் படிக்கிறேன். கடிகாரக் காட்சியில் மெரிமன் என்ன சொல்கிறார், ஹாக்கின் எதற்கு ஒப்புக்கொண்டான் என்பதை வரிவரியாகப் பார்த்துவிட்டு 26 அன்று இங்கே எழுதுகிறேன். அம்மா, அந்தப் பகுதியைப் பற்றி உங்கள் மகள் வேறு ஏதேனும் கேட்டிருந்தால் அதையும் அதற்குள் பதிந்துவையுங்கள், எனக்கு உதவும்.